இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு மனைவிக்கு உயர்தரக் கைக்கடிகாரம் வாங்குவதா, வைரக் கைச்சங்கிலி வாங்குவதா?

பத்து இலட்சம் ரூபாய் ஒதுக்கி வைத்திருப்பதாகவும், கனடாவிலுள்ள மகன் சுவிஸ் ஒட்டோமெட்டிக் மணிக்கூடு ஒன்றை வாங்கச் சொல்வதாகவும், மைத்துனியோ வைரம் பதித்த கைச்சங்கிலிதான் வேண்டும் என்று நிற்பதாகவும், மனைவி திருகோணமலை நகரப் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக இருந்து தினமும் ஸ்கூட்டரில் போய்வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் இந்த ஊரில், உவர்மலைப் பக்கம் இருப்பவன். எங்கள் குடும்பத்தில் இந்த இரண்டு பொருளும் வாங்கப்பட்டு, இரண்டும் பிழையாகிப்போன கதை இருப்பதால், அந்த அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறேன். மணிக்கூட்டையே வாங்குங்கள், ஆனால் உங்கள் மகன் சொல்லும் வகையை வாங்காதீர்கள்.

என் மனைவி தாதி உத்தியோகத்தர். அவருடைய நாற்பதாவது பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒட்டோமெட்டிக் வகைதான். கை அசையும்போது உள்ளே ஒரு சுழலி சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும், பற்றரி வேண்டியதில்லை, நூறு பாகங்களுக்கு மேல் ஒன்றோடொன்று இசைந்து ஓடுகின்றன என்றெல்லாம் படித்துவிட்டு, அந்த நுட்பத்தில் மயங்கி வாங்கினேன். மயங்கியவன் நான்; அணிய வேண்டியவர் அவர். கை கழுவும் ஒழுங்கு காரணமாக அவர் வைத்தியசாலை விடுதிக்குள் மணிக்கட்டில் எதுவும் அணிவதில்லை. அந்த வகை மணிக்கூடு கையிலிருந்து கழற்றி வைத்தால் 40 மணித்தியாலம் வரை ஓடும். சிலவற்றில் 70 வரை போகும். இரண்டு இரவுக் கடமை முடித்து வந்து எடுத்துப் பார்த்தால் அது நின்றுபோயிருக்கும். நேரம் வைக்க வேண்டும், திகதி மாற்ற வேண்டும். மூன்று மாதம் பொறுமையாகச் செய்தார். பிறகு நின்றதை நின்றபடியே அணிந்துகொண்டு கோயிலுக்கு வந்தார். நேரம் கேட்டவர்களுக்குக் கைப்பேசியை எடுத்துப் பார்த்துச் சொன்னார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. என் அப்பாவின் அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போயிருந்தோம். அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்கும்போது யாருக்கு மணிக்கூட்டின் நினைவு வரும்? மறுநாள் காலை கண்ணாடிக்கு உட்புறம் புகை படிந்ததுபோல் நீராவி நின்றது. மணிக்கூட்டின் பின்மூடியில் 30 மீற்றர் என்று பொறித்திருந்ததை நான் முப்பது மீற்றர் ஆழம் வரை தாங்கும் என்று விளங்கி வைத்திருந்தேன். அது ஆய்வுகூடத்தில், அசையாத நிலையில் கொடுக்கும் அழுத்தத்தின் கணக்கு. நடைமுறையில் மழைத்தூறலையும் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும், அவ்வளவுதான். நீந்துவதற்குக் குறைந்தது 100 மீற்றர் என்று இருக்க வேண்டும். வெந்நீரோ அந்தக் கணக்குக்கும் அப்பாற்பட்டது: சூட்டில் உலோகமும் றப்பர் வளையமும் வேறுவேறு அளவில் விரிவதால் இடைவெளி உண்டாகி, ஈரம் உள்ளே போய்விடுகிறது.

மத்திய வீதிப் பக்கம் மணிக்கூடு திருத்தும் முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணில் லென்சைச் செருகித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை நான் திறப்பன், ஆனா மூடுறதுக்கு இதுக்குரிய வளையம் என்னட்ட இல்லை" என்றார். அந்த நேர்மைக்காக அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். கொழும்புக்கு அனுப்பினோம். இரண்டரை மாதம் கழித்து, நல்ல தையல் இயந்திரம் ஒன்று வாங்கக்கூடிய பணத்தைச் செலவழித்து, திரும்ப வந்தது. இந்த வகை மணிக்கூடுகளை ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை முழுதாகக் கழற்றி, எண்ணெயிட்டு, வளையங்களை மாற்ற வேண்டும் என்பதைக் கடைக்காரர் விற்கும்போது சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடற்காற்றில் இரும்புக் கேற்றே மூன்று வருடத்தில் துருப்பிடிக்கும் ஊர் நம்முடையது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

இனி வைரத்துக்கு வருகிறேன். என் தங்கைக்கு அவளுடைய கணவர் 2017-இல் வாங்கிக் கொடுத்தது, சின்னச் சின்ன வைரக் கற்கள் ஒரே வரிசையாகப் பதித்த சங்கிலி. அதை டென்னிஸ் பிரேஸ்லெட் என்பார்கள். கிறிஸ் எவர்ட் என்ற வீராங்கனையின் கையிலிருந்து அமெரிக்கத் திறந்த போட்டியின் ஆட்டம் ஒன்றின்போது அது கழன்று விழ, அவர் அதைத் தேடுவதற்காக ஆட்டம் நின்றதாம். அதிலிருந்து வந்த பெயர் அது. ஒரு நகையின் பெயருக்குக் காரணமே அது கழன்று விழுந்த கதை என்றால், வாங்குகிறவர் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. தங்கையின் சங்கிலி விழவில்லை. ஒரு கல் மட்டும் எங்கேயோ விழுந்துவிட்டது. நிலாவெளி மணலிலா, ஸ்கூட்டரின் பிரேக்கைப் பிடிக்கும்போதா, பிள்ளையைத் தூக்கும்போதா என்று தெரியாது. அந்தக் கற்களை நான்கு நுண்ணிய கம்பி நகங்கள்தாம் பிடித்து வைத்திருக்கின்றன. துணியில் மாட்டி ஒரு நகம் நிமிர்ந்தால் போதும்.

2022-இல், டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 360-ஐத் தாண்டிய அந்தக் காலத்தில், மருந்துச் செலவுக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டு அவள் அந்தச் சங்கிலியை விற்கப் போனாள். கடைக்காரர் தராசில் வைத்து, கற்களுக்கென்று ஓர் எடையைக் கழித்து, மிஞ்சிய தங்கத்துக்கு மட்டும் விலை சொன்னார். வாங்கிய விலையில் பாதியைக்கூட அது எட்டவில்லை. அதே பணத்துக்கு 2017-இல் காப்பு வாங்கியிருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்திருக்கும். அடகு வைத்தாலும் கதை இதுதான். தங்கத்துக்குத்தான் பணம் தருவார்கள், கல்லுக்கு அல்ல. அதிலும் வைரம் பதிக்கும் தங்கம் பெரும்பாலும் 750 முத்திரையுள்ள 18 கரட். நம் பெண்கள் பவுண் கணக்குப் பார்க்கும் 22 கரட், கல்லை இறுகப் பிடிக்கும் அளவுக்கு உறுதியானதல்ல.

வைரத்தின் எடையைச் சொல்லும் கரட் வேறு. ஒரு கரட் என்பது 0.2 கிராம். சங்கிலியில் "மூன்று கரட்" என்று எழுதியிருந்தால், அது ஐம்பது அறுபது துணுக்குகளைக் கூட்டிய கணக்கு. ஒரே கல்லாக உள்ள மூன்று கரட்டின் விலைக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள தூரம். நிறம், தெளிவு, வெட்டு, எடை என்ற நான்கையும் குறித்துத் தரும் ஆய்வுச் சான்றிதழும் அந்தத் துணுக்குகளுக்குத் தனித்தனியாகக் கிடைக்காது. ஆய்வுகூடத்தில் வளர்க்கும் வைரமும் இப்போது வந்துவிட்டது. அதுவும் தூய கரிமம்தான், கடினமும் ஒன்றே, வெறுங்கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் அதன் விலை கடந்த பத்தாண்டில் பெரிதும் சரிந்து, திருப்பி விற்க முயன்றால் வாங்குவதற்கு ஆளில்லாத நிலை. அணிந்து மகிழத்தான் வாங்குகிறேன் என்று மனைவியிடம் சொல்லியே வாங்குவதில் தவறில்லை. இயற்கை வைரம் என்று நினைத்து ஏமாந்து வாங்குவதில்தான் தவறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வைரத்துக்குத் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். சுரங்கங்களில் கல்லைப் பிரித்தெடுக்க அக்காலத்தில் கொழுப்புப் பூசிய பட்டைகளைப் பயன்படுத்தியதே இந்தக் குணத்தினால்தான். காலையில் தேங்காயெண்ணெய் தொட்ட கையும், மதியம் மீன் பொரித்த கையுமாக இருக்கும் வீட்டில் மணிக்கட்டிலுள்ள வைரம் ஒரு கிழமையில் மங்கிவிடும். நம் முன்னோர் வைரத்தைத் தோட்டிலும் மூக்குத்தியிலும் வைத்து, கைக்கு வெறும் தங்கக் காப்பை விட்டதற்கு இதுதான் காரணமா என்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் வேலை செய்யும் கையையும் வேலை செய்யாத காதையும் அவர்கள் வேறுபடுத்திப் பார்த்திருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. தவிர, பொருட்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10. மணிக்கூட்டின் சபையர்க் கண்ணாடி 9. தங்கம் 3-ஐத் தொடுவதே கடினம். ஒரே கையில் காப்போடு சேர்த்து அணிந்தால் வைரம் காப்பை அரம் போல் அராவிவிடும். உங்கள் மாமியாரிடமும் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். வைரம் எல்லாருக்கும் ஒத்துவராது, வீட்டில் மூன்று நாள் வைத்துப் பார்த்துத்தான் அணிய வேண்டும் என்று சொல்லும் மூத்தோர் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனால் அடுத்த மாதம் யாருக்காவது காய்ச்சல் வந்தால் பழி உங்கள் பரிசின் மேல் விழும்.

ஆகவே, நான் உங்கள் இடத்தில் இருந்தால் குவார்ட்ஸ் மணிக்கூடு வாங்குவேன். மின்சாரம் பாய்ந்ததும் சீராக அதிரும் (இப்போது பெரும்பாலும் வினாடிக்கு 32,768 தடவை) பளிங்குத் துண்டு ஒன்றைக் கொண்டு நேரம் காட்டும் இந்த வகையை, 1969 டிசெம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்கு விட்டது. அதன் பிறகு சுவிஸ் மணிக்கூட்டுத் தொழிலே ஆட்டம் கண்டது. சுவிஸ் சான்றிதழ் பெற்ற ஒட்டோமெட்டிக் ஒன்றுகூட நாளொன்றுக்கு 4 வினாடி பின்தங்கவோ 6 வினாடி முந்தவோ இடமுண்டு. சாதாரணக் குவார்ட்ஸ் மாதத்துக்கே ஏறத்தாழ 15 வினாடிதான் பிசகும். நாற்பது நிமிடத்துக்கு ஒரு பாடம் மாறும் ஆசிரியைக்கு, மூன்று நாள் விடுமுறைக்குப் பின்னும் அலுமாரியிலிருந்து எடுத்து அப்படியே கட்டிக்கொண்டு போகக்கூடியதுதான் வசதி. மகன் முகம் சுளிப்பார். ஒட்டோமெட்டிக்கில் ஓர் உயிர் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த உயிரைத் தினமும் பராமரிக்க விரும்புகிறவருக்குத்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

உங்கள் தொகைக்கு ரொலெக்ஸ் வராது. அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். லொஞ்சின்ஸ் போன்ற பெயர்களில் நல்ல பெண்கள் மணிக்கூடுகள் அடங்கும். பணம் மிஞ்சவும் கூடும். முழுத் துருவேறா உருக்கு, சபையர்க் கண்ணாடி, 100 மீற்றர், 28 முதல் 34 மில்லிமீற்றர் வரையான முகம்: இவை போதும். தோற்பட்டி வேண்டவே வேண்டாம். நம் ஊர் வியர்வையில் ஆறு மாதத்தில் நாறும். தங்கமுலாம் பூசியதும் விளிம்புகளில் தேய்ந்து வெளிறிவிடும். கல்யாண வீட்டில் எல்லாருடைய கையும் பொன்னாக மின்ன, தன் கை மட்டும் வெள்ளையாக இருக்கிறதே என்று அவர் நினைக்கக்கூடும் என்பது நியாயமான தடைதான். காப்பு வலது கையில், மணிக்கூடு இடது கையில் என்று இருந்தால் அது பெரிதாகத் தெரியாது. கைக்கடிகாரம் நகையில்லை என்று மைத்துனி வாதிட்டால், முதல் உலகப்போர் வரை அது பெண்களின் ஆபரணமாகவே இருந்தது, ஆண்கள் சட்டைப்பையில்தான் கடிகாரம் வைத்திருந்தார்கள் என்று சொல்லுங்கள். 1868-இல் பட்டேக் பிலிப் செய்த கைக்கடிகாரம் ஹங்கேரியப் பிரபுகுலப் பெண் ஒருவருக்காகச் செய்யப்பட்டது.

மகன் கனடாவிலேயே வாங்கி அனுப்புவதானால், நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்கச் சொல்லுங்கள். திகதியும் முத்திரையும் இட்ட உத்தரவாத அட்டை பெட்டிக்குள் இருக்க வேண்டும். பற்றரியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும்போது, வளையத்தையும் பார்த்து, நீர் அழுத்தச் சோதனை செய்துதான் மூட வேண்டும். இந்த ஒன்றுக்காக மட்டும் கொழும்புக்குப் போவதில் தப்பில்லை.

எந்த நிலையில் என் பதில் மாறும் என்பதையும் சொல்கிறேன். உங்கள் மனைவி நேரம் பார்க்கக் கைப்பேசியைத்தான் எடுக்கிறார், மணிக்கட்டில் பட்டி கட்டிய வெளிறிய தடமே இல்லை என்றால், எந்த மணிக்கூடும் அலுமாரிக்குத்தான் போகும். அப்போது வைரம் வாங்குங்கள். ஆனால் சங்கிலியாக அல்ல, தோடாக. பல துணுக்குகளுக்குப் பதில் சான்றிதழுள்ள இரண்டு நல்ல கற்கள் கிடைக்கும். பிரேக் பிடிக்கும் கையில் அது இருக்காது. மாறாக, பிற்காலத்துக்கு ஒரு காவலாக இருக்கட்டும் என்பதே உங்கள் எண்ணமானால், இரண்டையும் விட்டுவிட்டுப் பவுண் வாங்குங்கள். இடம்பெயர்ந்த நாட்களில் என் அம்மம்மா பாவாடை நாடாவுக்குள் தைத்துக் கொண்டுபோனது இரண்டு சோடிக் காப்பு. ஒரு சோடி அரிசியாகியது. மற்றது என் தாயாரின் தாலிக்கொடியில் இருக்கிறது. அந்த வேலையை வைரமும் செய்யாது, மணிக்கூடும் செய்யாது.

மணிக்கட்டின் அளவை அவருக்குத் தெரியாமல் எடுக்க வேண்டுமென்று சிரமப்படாதீர்கள். உலோகப் பட்டியில் கண்ணிகளைக் கழற்றிச் சுருக்கலாம். கடையில் பத்து நிமிட வேலை. கழற்றிய கண்ணிகளைப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருங்கள். சித்திரை வெயிலில் கை சற்று வீங்கி, மார்கழியில் பொருந்திய பட்டி இறுகும்போது அதில் ஒன்று திரும்பவும் வேண்டியிருக்கும்.