அடிக்குறிப்பை எண்ணாதீர்கள்

அன்புள்ள சார்,

ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். புராஜெக்ட் என்றாலே பிள்ளைகள் விக்கிப்பீடியாவைத்தான் திறக்கிறார்கள். தடுத்துப் பயனில்லை என்று ஒரு கணக்கு சொல்லிவைத்திருக்கிறேன்: இருபது அடிக்குறிப்புக்கு மேல் இருந்தால் நம்பலாம். சரிதானா? தமிழ் விக்கியை நம்பலாமா, ஆங்கிலத்தையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தடை போடாமல் வழி சொல்லித்தர நினைத்தீர்களே, அந்த மனசுக்கு வணக்கம். சொல்லித்தந்த வழிதான் சுத்தத் தப்பு. தமிழா ஆங்கிலமா என்பதை விடுங்கள். எந்த மொழியிலும் கட்டுரைக்குக் கட்டுரை தரம் மாறும்.

ஆங்கில விக்கியில் ‘பிச்சோலிம் மோதல்’ என்றொரு நீளமான கட்டுரை இருந்தது. 1640-41இல் கோவாவின் போர்ச்சுகீசியருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் நடந்த சண்டையாம். 2007இல் எழுதப்பட்டு, அதே ஆண்டு ‘நல்ல கட்டுரை’ என்ற தகுதியும் வாங்கியது. நீக்கியது 2012 கடைசியில். அப்படியொரு சண்டையே நடக்கவில்லை! அடிக்குறிப்புக்குப் பஞ்சமில்லை, முக்கியமாகக் காட்டிய புத்தகங்கள்தான் உலகத்திலேயே இல்லை. ஒருவர் அவற்றைத் தேடிப் பார்த்த பிறகுதான் குட்டு உடைந்தது. சிவாஜி முடிசூடியது 1674. 1640இல் ஏது மராட்டியப் பேரரசு? உங்கள் வகுப்புப் பையன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. அவனைப் போய் அடிக்குறிப்பு எண்ண உட்கார்த்திவிட்டீர்களே!

எண்ண வேண்டாம், ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். புத்தகமா? பக்க எண் இருக்கிறதா, நூலகப் பட்டியலில் அந்தப் பெயர் கிடைக்கிறதா என்று பார்க்கட்டும். இணையப் பக்கமா? வாக்கியம் சொல்வதை அந்தப் பக்கமும் சொல்கிறதா என்று படிக்கட்டும். சறுக்குவது இங்கேதான். ஏற்கெனவே சான்றுள்ள வாக்கியத்துக்கும் அதன் குறிப்பு எண்ணுக்கும் நடுவே யாரோ புதிதாக ஒரு வரியைச் செருகிவிடுவார்கள். பழைய எண் புது வரிக்கும் சாட்சி சொல்வதுபோல நிற்கும். கோயிலின் அமைப்பைப் பற்றிய சான்று, கோயிலின் வயதுக்குச் சான்றாகிவிடும்.

செய்தித்தாள் சான்று என்றால் தேதி பார்க்காமல் விடாதீர்கள். 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர் கோவாட்டி என்ற விலங்கின் கட்டுரையில், ‘பிரேசில் ஆர்ட்வார்க் என்றும் அழைப்பார்கள்’ என்று விளையாட்டாக ஒரு பொய்ப் பெயரைச் சேர்த்தார். பத்திரிகைகள் அதை எடுத்து எழுதின. பிறகு அந்தப் பத்திரிகைச் செய்தியே விக்கியில் அந்தப் பெயருக்குச் சான்றாக வந்து உட்கார்ந்தது. கட்டுரையின் மேலே உள்ள வரலாற்றுப் பக்கத்தில் பழைய பதிப்புகளைத் திறந்தால், ஒரு வாக்கியம் என்றைக்கு நுழைந்தது என்று தெரியும். அதற்குப் பிந்தைய செய்தி, விக்கியைப் பார்த்தே எழுதியதாக இருக்கலாம். முந்தையதைத் தேடச் சொல்லுங்கள்.

துணைநூல் பட்டியலில் விக்கியைப் போடலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். போடாதீர்கள், அதைத் தன் கட்டுரைகளுக்குச் சான்றாக விக்கியே ஏற்பதில்லை.

ஒரு பாடவேளை ஒதுக்கி, ஆளுக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள். சான்று ஒட்டவில்லை என்று காட்டுகிற பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.