ஓய்வு, மகள் கல்யாணம், மகனுக்கு வீடு: 42 லட்சத்தை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: மதுரை திருநகரில் சொந்த வீடு. தனியார் மில்லில் கணக்கராக இருக்கிறேன். 58 வயது முடிந்து வரும் டிசம்பர் 31 அன்று ஓய்வு. பி.எஃப்., கிராஜுவிட்டி சேர்த்து 42 லட்சம் வரும். தையில் மகளுக்குக் கல்யாணம், 12 லட்சம் ஆகும். சென்னையில் வேலை பார்க்கும் மகன் ஃபிளாட் வாங்க 15 லட்சம் கேட்கிறான். வீட்டுச் செலவு மாதம் 30,000. பி.எஃப். பென்ஷன் 5,000, மாடி வாடகை 8,000 வரும். மொய்ப் பணத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்கிறார் என் மனைவி. சரிவருமா?

பதில்: இத்தனை வருஷம் செலவு போக மிஞ்சியதைச் சேர்த்தீர்கள் ஐயா. ஜனவரியிலிருந்து வரிசையை மாற்ற வேண்டும். உங்கள் இருவருக்கும் மாதாமாதம் வருவதை முதலில் உறுதி செய்யுங்கள், அப்புறம் கல்யாணம், மகன் அதற்கும் அப்புறம்தான்.

பென்ஷனும் வாடகையும் போக மாதம் 17,000 தேவை. தபால் நிலையத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 25 லட்சம் போடுங்கள். இப்போதைய வட்டி 8.2%. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 51,250 ரூபாய் வரும், குடும்பம் ஓடிவிடும். 60 வயதானவர்களுக்குத்தான் என்று நினைத்துப் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 55 தாண்டி ஓய்வு பெற்றவர்களும் சேரலாம், ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டாக வேண்டும். நிறுவனம் தரும் ஓய்வுச் சான்றும் வேண்டும். பத்திரிகை வைப்பது, மண்டபம், தெற்காவணி மூல வீதியில் நகை எடுப்பது என்ற அலைச்சலில் இந்தக் கெடு தவறினால் 60 வயது வரை காத்திருக்க நேரும்.

மொய் விஷயத்தில் அம்மா சொல்வது பாதி சரி. நீங்கள் ஊரெல்லாம் செய்தது திரும்பி வரும். புதிதாக வருவதெல்லாம் நோட்டில் ஏறும் கடன். நம் பக்கம் அதைக் கொஞ்சம் கூட்டித்தான் திருப்பிச் செய்வோம். இதுவரை சம்பளத்தில் செய்தீர்கள், இனி வட்டிப் பணத்தில் செய்யப்போகிறீர்கள். அதனால் மண்டபப் பாக்கி, சமையல்காரர் கணக்கு எதற்கும் மொய்யை நம்பாதீர்கள். வந்ததை அப்படியே வங்கியில் தனி வைப்பாகப் போட்டு, அடுத்தடுத்த விசேஷ வீடுகளுக்குப் போகும்போது அதிலிருந்து எடுங்கள். கல்யாணச் செலவும் 12 லட்சத்தைத் தாண்டக்கூடாது. பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து, முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணியில் கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும். மேடைக்குச் செவ்வந்தியும் சம்பங்கியும் போதும், மல்லிகை தலைக்கு மட்டும் இருக்கட்டும்.

மீதி 5 லட்சம். மூன்றை அவசரத்துக்கென்று தொடாமல் வையுங்கள். மகனுக்கு இரண்டு கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். 15 லட்சம் கொடுத்தால் உங்களிடம் மிஞ்சுவதும் 15 லட்சம்தான். வட்டி மாதம் 10,250, துண்டு விழுவது 6,750. வீட்டுக் கடன் தவணையோடு அதையும் அவர்தான் அனுப்ப வேண்டிவரும். பொங்கலுக்கு வரும்போது உட்காரவைத்து இந்தக் கணக்கை அப்படியே காட்டுங்கள். தயங்கித் தயங்கிச் சொல்வதைவிட அது நல்லது.

இந்தத் திட்டத்தின் வட்டி ஐந்து வருஷமும் ஒரே அளவு, விலைவாசி அப்படி நிற்காது. கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள். பிறகு கீழமாசி வீதிக் கடைகளில் ஒன்றிரண்டுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்க முடியுமா என்று விசாரியுங்கள். இத்தனை வருஷக் கைப்பழக்கத்தை வீணாக்க வேண்டாம்.

அந்த வருமானத்தின் முதல் செலவு மருத்துவக் காப்பீடாக இருக்கட்டும். மில் கொடுத்த குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு நின்றுபோகும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்டால், இதுவரை கடந்த காத்திருப்புக் காலம் (ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காப்பீடு கிடைக்கப் பொறுத்திருக்க வேண்டிய காலம்) கணக்கில் சேரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசி பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. ஓய்வுச் சான்று கேட்கப் போகும்போதே இதற்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், 31-ஆம் தேதிக்கு முன்பாகவே.