ஹக்கின் மனச்சாட்சியும் ஜிம்மின் நட்பும்: கேள்வி பதில்

மார்க் ட்வெயினின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலை வாசித்துவரும் வேலூர் வட்டாரத்து வாசகர்களின் கேள்விகளுக்கு, ஆங்கில இலக்கியம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் அளித்த பதில்கள் இவை. குடிகாரத் தந்தையிடமிருந்து தப்பிய சிறுவன் ஹக்கும், எஜமானி மிஸ் வாட்சனிடமிருந்து தப்பிய அடிமை ஜிம்மும் மிசிசிப்பி ஆற்றில் தெப்பமேறிச் செல்வதே கதை.

கேள்வி (காட்பாடி, கல்லூரி மாணவர்): ஜிம்மைக் காட்டிக்கொடுக்கும் கடிதத்தைக் கிழித்தெறிந்த ஹக், ஏன் தன்னையே பாவி என்று எண்ணுகிறான் ஐயா?

பதில்: 31ஆம் அத்தியாயத்தைப் பொறுமையாகப் படியுங்கள். தெப்பத்தில் ஒட்டிக்கொண்ட மோசடிக்காரன் ஒருவன் ஜிம்மை 40 டாலருக்கு விற்றுவிடுகிறான். ஜிம் இருக்குமிடத்தைத் தெரிவித்து மிஸ் வாட்சனுக்குக் கடிதம் எழுதி முடித்தவுடன், பாவமெல்லாம் கழுவப்பட்டதுபோல் ஹக்குக்கு மனம் லேசாகிறது. பிறகு, ஹக்கை எழுப்ப மனமில்லாமல் அவன் முறைக் காவலையும் சேர்த்து ஜிம் விழித்திருந்த இரவுகள் நினைவுக்கு வருகின்றன. நரகத்துக்கே போகிறேன் என்று துணிந்து கடிதத்தைக் கிழிக்கிறான். அடிமைமுறை தவறு என்று அவன் அப்போதும் நினைக்கவில்லை என்பதே இந்த இடத்தின் வலிமை. தேவாலயமும் சட்டமும் ஊராரும் சேர்ந்து அவனுக்குள் வைத்த குரலைத்தான் அவன் மனச்சாட்சி என்று நம்புகிறான். நல்ல இதயமும் கோணிப்போன மனச்சாட்சியும் மோதி, மனச்சாட்சி தோற்கும் கதை இது என்று ட்வெயினே 1895இல் குறித்து வைத்தார்.

கேள்வி (ஆற்காடு): மிஸ் வாட்சன் ஜிம்முக்குச் சோறு போட்டவர்தானே? அவரிடமிருந்து ஓடியது நன்றி கெட்ட செயல் ஆகாதா?

பதில்: அந்தப் பாவப்பட்ட கிழவி உனக்கு என்ன கெடுதல் செய்தாள் என்று 16ஆம் அத்தியாயத்தில் ஹக்கின் மனச்சாட்சியும் இதையேதான் கேட்கிறது. ஆனால் 800 டாலர் கிடைக்கும் என்றவுடன் ஜிம்மை நியூ ஆர்லியன்ஸுக்கு விற்க அவர் மனம் சாய்ந்ததை மறக்கக் கூடாது. ஜிம் ஓடியது அதைக் கேட்ட பிறகுதான். நம் வட ஆற்காட்டில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட படியாள் ஓடிப்போனால், அவனை உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்று ஏசுபவர்களும், பீடிக் கடனுக்குப் பிள்ளையை அடகு வைத்த குடும்பத்திடம் நாணயம் பேசுபவர்களும் இருந்திருக்கிறார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அந்தப் பேச்சு சட்டத்தோடு ஓய்ந்துவிடவில்லை. துரோகம் என்ற பட்டத்தை யார் யாருக்குச் சூட்டுகிறார்கள் என்று கவனியுங்கள்.

கேள்வி (குடியாத்தம், ஆசிரியை): ஹக் ஜிம்முக்குத் துரோகம் செய்ததே இல்லையா?

பதில்: உண்டு அம்மா, அதுவும் விளையாட்டாகவே. மூடுபனியில் பிரிந்து மீண்டும் சேர்ந்தபோது, நடந்ததெல்லாம் கனவு என்று ஹக் ஏய்க்கிறான். நண்பர்களை அவமானப்படுத்துபவர்களே குப்பை என்கிறார் ஜிம். மன்னிப்புக் கேட்க ஹக்குக்குக் கால்மணி நேரம் பிடிக்கிறது. அப்படி மன்னிப்புக் கேட்டதற்காகப் பின்னர் அவன் ஒருபோதும் வருந்தவில்லை. இதைவிட என்னை உறுத்துவது பாம்புச் சம்பவம். அவன் வேடிக்கைக்காக வைத்த செத்த பாம்பைத் தேடி வந்த அதன் ஜோடி ஜிம்மைக் கடித்துவிடுகிறது. குற்றம் தன்னுடையது என்பதை ஹக் ஜிம்மிடம் மறைத்துவிடுகிறான்.

கேள்வி (வாணியம்பாடி): ஹக்கின் நண்பன் டாம் சாயர் துரோகியா?

பதில்: என் கணக்கில் ஆம். மிஸ் வாட்சன் இரண்டு மாதங்களுக்கு முன்பே இறந்து, உயிலில் ஜிம்மை விடுவித்திருந்தார். அது தெரிந்தும், சாகசக் கதைகளில் வருவதுபோல் ஜிம்மைச் சிறைமீட்கும் நாடகத்தை டாம் நடத்துகிறான். நரகத்துக்கும் துணிந்த ஹக் அங்கே மீண்டும் டாமின் ஏவலாளாகிவிடுவது நாவலின் பலவீனம் என்றே கருதுகிறேன். குண்டடிபட்ட டாமுக்காகத் தப்பும் வாய்ப்பைக் கைவிடுபவர் ஜிம். பொறுமையாகக் கைதியாக இருந்ததற்கு டாம் அவருக்குக் கொடுப்பது 40 டாலர், அதாவது மோசடிக்காரன் அவரை விற்ற அதே விலை.

கேள்வி (ஆம்பூர்): பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கலாமா?

பதில்: ஒன்பதாம் வகுப்புக்கு மேல், பெரியவர் ஒருவர் உடனிருந்தால் கொடுக்கலாம், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் நாவல் நெடுகிலும் வருகிறது. ஜிம்மின் கதை முழுவதும் ஹக்கின் வாய்வழியே வருவதால், அடிமையாக இருந்து தப்பிய ஃபிரெடெரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.