ஐஸ் பெட்டி இரண்டாம் நாளே ஏன் கைவிடுகிறது?

கேள்வி: மின்சாரமே இல்லாத இடத்தில் நாலு பேர் மூன்று இரவு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். இறைச்சி, பால், வெண்ணெய், காய்கறி எல்லாம் கொண்டுபோக வேண்டும். போன முறை பெரிய ஐஸ் பெட்டி நிறைய ஐஸ் போட்டும் இரண்டாம் நாள் மதியமே எல்லாம் தண்ணீராகிவிட்டது. காரில் செருகுகிற குளிர்பெட்டி ஒன்று வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பெட்டியின் மேல் பெரிய தப்பு இருக்காது. உள்ளே என்ன வைத்தீர்கள், அது எவ்வளவு சூடாக இருந்தது என்பதுதான் கேள்வி.

1 கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உருகியபின் அந்தத் தண்ணீர் 0 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு ஏற வெறும் 21 கிலோஜூல் போதும். அதாவது ஐஸின் பலமெல்லாம் அது கட்டியாக இருக்கும் வரைதான். இப்போது 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை உள்ளே வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை 4 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 325 கிராம் ஐஸ் காலி. அப்படி ஆறு பாட்டில் வைத்தால் கிளம்பிய சில மணி நேரத்திலேயே 2 கிலோ ஐஸ் போய்விட்டது, இத்தனைக்கும் வெளி வெயில் இன்னும் தன் வேலையை ஆரம்பிக்கவே இல்லை. பெட்டியும் அப்படித்தான்: கார் டிக்கியில் காய்ந்து கிடந்த பெட்டியின் சுவரே முதலில் ஐஸைத் தின்னும். ஆகவே குளிர வைக்கும் வேலையை வீட்டு ஃப்ரிட்ஜ் முடித்துவிட வேண்டும், அந்தக் குளிரைக் காப்பாற்றுவது மட்டும்தான் ஐஸின் வேலை.

முந்தைய நாள் இரவே பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து கொஞ்சம் ஐஸ் போட்டு மூடி வையுங்கள், காலையில் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக அடுக்குங்கள். இறைச்சியை ஃப்ரீசரில் கல்லாக உறைய விட்டு எடுத்துப் போனால் அதுவே இன்னொரு ஐஸ் கட்டி. பொடி ஐஸ், சின்னக் கட்டிகள் எல்லாம் சட்டென்று குளிர வைக்கும், ஆனால் சீக்கிரம் கரைந்துவிடும். நாள் கணக்கில் நிற்பது பெரிய கட்டிதான், எடைக்கு ஏற்ற பரப்பு அதில் குறைவு. 2 லிட்டர் பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி உறைய வைப்பது எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் உருகினால் குடிக்கலாம், பெட்டியும் நனையாது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும், அதனால் கழுத்து வரை நிரப்ப வேண்டாம்.

குடிக்கிற பாட்டில்களுக்குத் தனிப் பெட்டி வைத்துவிடுங்கள், மட்டமான பெட்டியாக இருந்தாலும் பரவாயில்லை. நாலு பேர் தாகத்துக்குத் திறக்கிற மூடிதான் உணவுப் பெட்டியின் முதல் எதிரி.

அடுக்கும்போது பச்சை இறைச்சி கசியாத டப்பாவில், அடியில் இருக்கட்டும். காலி இடம் இருந்தால் துண்டைச் சுருட்டி அடையுங்கள். உருகிய தண்ணீரை உடனே வடிக்காதீர்கள், அதுவும் 0 டிகிரி ஒட்டித்தான் இருக்கும், சந்து பொந்தெல்லாம் நிரம்பி குளிரைப் பிடித்து வைக்கும். புது ஐஸ் போடும்போது வடித்தால் போதும். பெட்டியை நிழலில், தரையில் படாமல் வையுங்கள். காலை 9 மணி நிழல் மதியம் 3 மணிக்கு அங்கே இருக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். சுவர் வழியாக வெறும் 10 வாட் வெப்பம் கசிந்தாலே ஒரு நாளைக்கு 2.6 கிலோ ஐஸ் உருகும், அப்புறம் வெயிலும் சேர்ந்தால் சொல்ல வேண்டுமா?

ஒரு சின்னத் தெர்மாமீட்டரை உள்ளே போட்டு வைப்பது அவசியம். 5 டிகிரிக்குக் கீழே இருக்கும் வரை கவலையில்லை. அதற்கு மேல் போய் 2 மணி நேரம் ஆகிவிட்டால் இறைச்சியையும் பாலையும் கொட்டிவிடுங்கள், வெளியே 32 டிகிரிக்கு மேல் கொளுத்தும்போது 1 மணி நேரம்தான் கணக்கு. மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், நோய் தரும் கிருமிகள் பலவற்றுக்கு நாற்றமே கிடையாது.

சரி, காரில் செருகும் பெட்டி. இதில் இரண்டு சாதி. விலை மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பெல்டியர் வகை, அதாவது கம்ப்ரசர் இல்லாமல் ஒரு மின் தகடு மட்டும் குளிர வைப்பது. வெளியே இருக்கும் வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரி வரைதான் இறக்கும், 35 டிகிரி வெயிலில் உள்ளே 15 டிகிரி என்றால் இறைச்சிக்கு அது ஆபத்தான இடம். போதாததற்கு 4, 5 ஆம்பியர் ஓயாமல் இழுக்கும். ராத்திரி 10 மணி நேரம் ஓட விட்டால் காலையில் கார் கிளம்பாது. நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கம்ப்ரசர் வைத்த 12 வோல்ட் பெட்டி நிஜ ஃப்ரிட்ஜ், ஃப்ரீசராகக்கூட ஓடும். வெயிலையும் அளவையும் பொறுத்து நாளைக்கு 300 முதல் 500 வாட்-மணி வரை எடுக்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் சுமார் 1,280 வாட்-மணி இருக்கிறது, இரண்டரை நாளாவது ஓடும். பழைய ஈய பேட்டரி என்றால் பாதியை மட்டும் நம்புங்கள். அடிக்கடி போகிறவர்களுக்கு இது வாங்கத் தகுந்தது, வருஷத்துக்கு ஒரு தடவைக்கு வீண் செலவு. கேஸில் ஓடுகிற அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜும் உண்டு, சத்தமே இருக்காது, ஆனால் சமதளத்தில் நிற்க வேண்டும். உள்ளே தீ எரிவதால் கார்பன் மோனாக்சைடு வரும், கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. உலர் ஐஸும் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) அப்படித்தான்: மைனஸ் 78.5 டிகிரி, வெறும் கையில் தொட்டால் தோல் பொசுங்கும், கரையும்போது நேராக வாயுவாகிவிடும். மூடிய காரிலோ காற்றுப் புகாத பெட்டியிலோ அதை வைக்காதீர்கள்.

காய்கறிக்கு இதெல்லாம் தேவையே இல்லை. காற்று வறண்ட இடமானால் ஈரத்துணி போர்த்தி நிழலில் காற்றோட்டமாக வைத்தாலே வாடாமல் நிற்கும், புழுக்கமான இடத்தில் மட்டும் அது பலிக்காது. பாலுக்கும் இறைச்சிக்கும் அந்த வழி வேண்டாம்.

உங்களுக்கு மூன்று இரவுதானே? இருக்கிற பெட்டியே போதும், சமையலைக் கொஞ்சம் மாற்றிப் போடுங்கள். குளிர்ந்த இறைச்சி முதல் இரவு, கல்லாக உறைந்தது இரண்டாம் இரவு, மூன்றாம் இரவு பருப்பு, டின் உணவு. பால் யூஎச்டி (மிக அதிகச் சூட்டில் காய்ச்சிக் கிருமி நீக்கி அடைத்த) பாக்கெட்டாக இருந்தால் பிரிக்கும் வரை குளிரே வேண்டாம். பிரித்துவிட்டால் அதுவும் சாதாரணப் பால்தான், அதனால் ஒரே வேளையில் தீரும் சின்ன பாக்கெட்டுகளாக வாங்கிக்கொள்ளுங்கள்.