ஒஃபீலியா யாருக்காகப் பணிந்தாள்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அண்மையில் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தை முழுதாக வாசித்தேன். 'பலவீனமே, உன் பெயர்தான் பெண்' என்ற வரியில் ஆரம்பித்த எரிச்சல் கடைசிவரை தீரவில்லை. இளவரசன் ஹாம்லெட்டின் காதலி ஒஃபீலியா, அப்பா சொன்னதும் காதலை விடுகிறாள். அப்பா சொன்னதும் காதலனை வேவு பார்க்கத் துணைபோகிறாள். பிறகு சித்தம் கலங்கிச் சாகிறாள். இப்படியொரு பெண்ணை எழுதியவரை ஏன் இன்னும் கொண்டாடுகிறோம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எரிச்சல் நியாயமானதுதான். அது ஒஃபீலியாமேல் திரும்புவதுதான் எனக்கு வருத்தம். அந்த வரி ஹாம்லெட்டுடையது. தந்தை இறந்து இரண்டு மாதம்கூட ஆகாமல் தாய் மறுமணம் செய்துகொண்ட கோபம், ஒரே வரியில் எல்லாப் பெண்கள்மேலும் பாய்கிறது. நாடகம் அதற்குத் தலையாட்டவில்லை.

முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியை மறுபடி பாருங்கள். பிரான்சுக்குக் கிளம்பும் அண்ணன் லேயர்டீஸ், கற்பைக் காத்துக்கொள் என்று தங்கைக்கு நீளமாகப் புத்தி சொல்கிறான். கேட்டு முடித்தவள் திருப்பிக் கொடுக்கிறாள்: எனக்கு முள்பாதையைக் காட்டிவிட்டுத் தாங்கள் மட்டும் பூப்பாதையில் போகும் போதகர்கள்போல நீ இருந்துவிடாதே. இந்த இரட்டை நியாயத்தை நாடகத்தில் முதலில் சுட்டிக்காட்டுவது அவள்தான். அண்ணனிடம் பதில் இல்லை, நேரமாகிவிட்டது என்கிறான்.

அப்புறம் அப்பா பொலோனியஸ் வருகிறார். 'உனக்கு நீ உண்மையாக இரு' என்ற புகழ்பெற்ற உபதேசம் மகனுக்கு. அதே காட்சியில் மகளுக்குக் கிடைப்பது, 'உன்னை ஒரு குழந்தை என்று நினைத்துக்கொள்.' அடுத்த அங்கத்தின் தொடக்கத்தில், மகனை வேவு பார்க்க ஆள் அனுப்புகிறார். அவன் குடிக்கிறான், சூதாடுகிறான், விலைமாதரிடம் போகிறான் என்று பேச்சுக்கொடுத்து விசாரி, பக்குவமாகச் சொன்னால் மானக்கேடு இல்லை என்கிறார். மகள் ஓர் இளைஞனோடு பேசினால் மட்டும் மானம் போய்விடுகிறது.

மூன்றாம் அங்கத்தில் அவள் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, வாசிப்பதுபோல் நில் என்கிறார். பக்தி முகம் காட்டிச் சாத்தானுக்கே சர்க்கரை பூசுகிறோம் என்று அவரே ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். பிறகு ஹாம்லெட்டின் தாயை மணந்த மன்னரும் அவரும் ஒளிந்துகொள்கிறார்கள். அங்கே வருகிறான் ஹாம்லெட், பைத்திய வேஷம் போட்டுத் திரிபவன். கடவுள் கொடுத்த முகம் போதாமல் நீங்கள் இன்னொரு முகம் செய்துகொள்கிறீர்கள் என்று பெண்குலத்தையே திட்டுகிறான். அந்தக் காட்சியில் வேஷம் போடாத ஆண் ஒருவர்கூட இல்லை. ஏச்சு வாங்குவது அவள் ஒருத்தி.

அண்ணனுக்குச் சொன்ன அந்தப் பதிலுக்கு அப்புறம், அவள் எதிர்த்துப் பேச இடம் கிடைப்பது சித்தம் கலங்கிய பிறகுதான். நான்காம் அங்கத்தில் பாடுகிறாள்: மணப்பதாகச் சொல்லித்தானே தொட்டாய் என்று பெண் கேட்கிறாள், நீ என் படுக்கைக்கு வராமல் இருந்திருந்தால் மணந்திருப்பேன் என்கிறான் அவன். அண்ணனின் உபதேசம் யாருக்குச் சாதகம் என்பது இந்தப் பதிலில் அப்பட்டமாகத் தெரிகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் மன்னர், தந்தை பொலோனியஸ் இறந்த துக்கம் என்று சொல்லிக் கடந்துபோகிறார். (ஷேக்ஸ்பியர் காலத்து மேடையில் ஒஃபீலியாவாக நடித்ததும் ஒரு பையன்தான். இங்கிலாந்தின் தொழில்முறை மேடையில் பெண்கள் நடிக்கத் தொடங்கியது 1660 வாக்கில்.)

ஒரு விஷயத்தில் உங்கள் எரிச்சலோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். ஹாம்லெட்டின் தாய் கெர்ட்ரூட் ஏன் அவ்வளவு சீக்கிரம் மறுமணம் செய்துகொண்டாள் என்பதைப் பற்றி மகன் பேசுகிறான், இறந்த கணவனின் ஆவி பேசுகிறது. அவள் வாயால் ஒரு காரணம்கூட நமக்குக் கேட்கக் கிடைப்பதில்லை.