டிசபிலிட்டி பென்ஷன் ரிஜெக்ட் ஆயிடுச்சா? முன்னாள் படைவீரர் கேள்வி-பதில்

கேள்வி: என் வீட்டுக்காரர் மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல நாயக்கா இருந்து 17 வருஷ சர்வீஸ் முடிச்சு 2014ல ஊருக்கு வந்தாரு. வரும்போதே பிரஷர் இருந்துச்சு, மெடிக்கல் போர்டுல 30 சதவீதம்னு போட்டாங்க. சர்வீஸ் பென்ஷன் வருது, ஆனா டிசபிலிட்டி பென்ஷன் கிடையாதுன்னு ஒரு லெட்டர் வந்ததோட சரி. இத்தனை வருஷம் கழிச்சு கேட்கலாமா? ஒருத்தர், வர்ற அரியர்ஸ்ல பாதி குடுத்தா வாங்கித் தர்றேங்கிறாரு.
*(வாசகி, வேலூர் மாவட்டம்)*

பதில்: முதல்ல அந்த பாதி கேக்குறவர்கிட்ட ஒரு பேப்பரும் குடுக்காதீங்கம்மா. ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ.ங்கிற பென்ஷன் உத்தரவு எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கிட்டு பணம் தந்தாதான் திருப்பித் தருவேன்னு நிக்கிறவங்க இருக்காங்க, அந்த நிலைமை உங்களுக்கு வரவேண்டாம்.

கேட்கலாமான்னு கேட்டீங்க, தாராளமா கேட்கலாம். அந்த லெட்டர்ல பெரும்பாலும் என்ன இருக்கும்னா, இந்த வியாதி சர்வீஸால வந்ததும் இல்ல, சர்வீஸால அதிகமானதும் இல்லன்னு ஒரு வரி, பட்டாளத்துக்காரங்க இதை ‘நானா’ன்னு சொல்வாங்க, உங்க வீட்டுக்காரரைக் கேட்டா உடனே புரிஞ்சுக்குவாரு. நானா போட்டுட்டாங்க, அவ்வளவுதான்னு பெட்டியில வச்சு மூடிடுறாங்க நிறைய பேர். அது முடிவு இல்லம்மா, அந்த முடிவுக்கு என்ன காரணம் எழுதியிருக்காங்கன்னு பாக்குறதுலதான் எல்லாமே இருக்கு, அந்தக் காரணம் லெட்டர்ல இருக்காது, வெளிய வரும்போது பரிசோதிச்ச ரிலீஸ் மெடிக்கல் போர்டு பேப்பர்ல இருக்கும்.

அதனால முதல் வேலை அந்த போர்டு பேப்பரோட முழு காப்பியை வாங்குறது. மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்கு ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் நீலகிரி வெலிங்டன்ல இருக்கு, அங்க ஆர்மி நம்பர், ரேங்க், பேரு, டிஸ்சார்ஜ் ஆன தேதி எல்லாம் போட்டு தகவல் உரிமைச் சட்டத்துல அவர் பேர்லயே ஒரு மனு, 10 ரூபாய் கட்டணம், 30 நாளுக்குள்ள பதில் குடுக்கணும். பேப்பர் வந்ததும் நிதானமா படிங்க. சேரும்போது இந்த வியாதி இருந்துச்சான்னு ஒரு கேள்வி இருக்கும், பெரும்பாலும் இல்லைன்னுதான் எழுதியிருப்பாங்க. அப்புறம் சர்வீஸால வந்ததா, அதிகமாச்சான்னு கேள்வி, அதுக்கும் இல்லை. பக்கத்துல காரணம்னு பீஸ் ஸ்டேஷன்ல, அதாவது சண்டை இல்லாத இடத்துல, இருக்கும்போது வந்ததுன்னு ஒரே வரி. சேரும்போதும் இல்ல, சர்வீஸாலயும் வரல, அப்புறம் எங்க இருந்து வந்துச்சு? இந்த இடத்தைத்தான் நாம பிடிச்சுக்கணும்.

சுப்ரீம் கோர்ட் 2013ல தரம்வீர் சிங் வழக்குல இதைத்தான் தெளிவா சொல்லிச்சு. அவர் சிக்னல்ஸ்ல சிப்பாயா 1985ல சேர்ந்தவர், வலிப்பு நோய்னு 1994ல 20 சதவீதம் போட்டு வெளிய அனுப்பிட்டாங்க, பென்ஷன் கிடையாதுன்னுட்டாங்க. சேரும்போது ரெக்கார்டுல வியாதி ஏதும் குறிக்கலன்னா ஆள் நல்லா இருந்தாருன்னுதான் எடுத்துக்கணும், பின்னால வந்தது சர்வீஸால இல்லன்னு நிரூபிக்க வேண்டியது அரசாங்கம், வீரர் இல்ல, போர்டு காரணம் எழுதியே ஆகணும்னு தீர்ப்பு. உங்க வீட்டுக்காரர் 2014ல வந்தவர், அதனால பழைய விதிதான் அவருக்கு. 2023 செப்டம்பர் 21ல இருந்து புது விதி வந்திருக்கு, அதுக்கப்புறம் வெளிய வந்தவங்க இந்த தீர்ப்பை அப்படியே தூக்கிட்டுப் போகமுடியாது. பழைய விதியிலயும் எல்லாருக்கும் தானா கிடைச்சுடும்னு நான் சொல்லமாட்டேன், எடை கூடினதால வந்ததுன்னோ பழக்கத்தால வந்ததுன்னோ போர்டு விவரமா எழுதியிருந்தா கஷ்டம். அதுக்குத்தான் பேப்பரை முதல்ல பாருங்கன்றேன்.

அடுத்து அப்பீல். முதல் அப்பீல், அது போனா ரெண்டாவது அப்பீல், அதுவும் போனா சென்னையில இருக்குற ஆயுதப்படை தீர்ப்பாயம். அப்பீலுக்கு ஆறு மாசம் கெடு, உங்களுக்கு அது எப்பவோ தாண்டிடுச்சு, அதனால தாமதத்துக்கு என்ன காரணம்னு உண்மையா எழுதி மன்னிச்சு ஏத்துக்கச் சொல்லி சேர்த்தே கேட்கணும். பென்ஷன் மாசாமாசம் மறுக்கப்படுற விஷயம்ங்கிறதால லேட்டுன்னு சொல்லி மொத்தமா தள்ளிவிட மாட்டாங்க, ஆனா 2008 தர்சேம் சிங் தீர்ப்புப்படி அரியர்ஸ் பொதுவா கேஸ் போட்டதுக்கு முந்தின மூணு வருஷத்துக்குத்தான். அதாவது நீங்க தள்ளிப்போடுற ஒவ்வொரு மாசமும் ஒரு மாச பணம் போகுது.

கிடைச்சா எவ்வளவுன்னா, 100 சதவீத ஊனத்துக்கு கடைசி சம்பளத்துல 30 சதவீதம்ங்கிறது கணக்கு. 30 சதவீத ஊனத்தை 50ஆ ரவுண்ட் பண்ணணும், சர்வீஸ் முடிச்சு வந்தவங்களுக்கும் இது உண்டுன்னு 2014 டிசம்பர்ல ராம் அவதார் வழக்குல முடிவாயிடுச்சு. அப்போ கடைசி சம்பளத்துல 15 சதவீதம், அதுமேல அகவிலைப்படி, இப்ப வர்ற பென்ஷனோட சேர்த்து. சின்னத் தொகை இல்லம்மா.

வக்கீலுக்கு பயப்படாதீங்க. 2025 ஜூலையில தேசிய சட்டப்பணி ஆணையம் வீர் பரிவார் சஹாயதா யோஜனான்னு படைவீரர் குடும்பங்களுக்கு இலவச சட்ட உதவித் திட்டம் ஆரம்பிச்சிருக்காங்க. உங்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல போய் இதைப் பத்தி கேளுங்க, அங்க வெல்ஃபேர் ஆர்கனைசரா இருக்குறவங்களும் பட்டாளத்துல இருந்து வந்தவங்கதான், மனு எழுதவும் உதவுவாங்க.

கேள்வி: அப்பாவுக்கு ராத்திரி திடீர்னு பக்கவாதம், பக்கத்துல இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோனோம், அது ஈ.சி.ஹெச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) லிஸ்ட்ல இல்லையாம். பணம் போனது போனதுதானா?
*(வாசகர், தேனி மாவட்டம்)*

பதில்: இல்ல தம்பி, உயிர் போற நேரத்துல லிஸ்ட் பாத்துட்டு நிக்கமுடியாது, நீங்க செஞ்சதுதான் சரி. எமர்ஜென்சின்னா லிஸ்ட்ல இல்லாத ஆஸ்பத்திரி செலவையும் கேட்கலாம், ஆனா 48 மணி நேரத்துக்குள்ள பக்கத்துல இருக்குற ஈ.சி.ஹெச்.எஸ். பாலிகிளினிக்குக்கு தகவல் சொல்லியிருக்கணும். இனிமே யாருக்கு இப்படி ஆனாலும் வீட்டுல ஒருத்தர் நோயாளியோட இருக்கட்டும், இன்னொருத்தர் பாலிகிளினிக்குக்கு தகவல் சொல்ற வேலையைப் பாக்கட்டும், போன்ல சொன்னாலும் எழுத்துலயும் அனுப்பி வைங்க. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆஸ்பத்திரியில எமர்ஜென்சி சர்டிபிகேட், டிஸ்சார்ஜ் சம்மரி, ஐட்டம் ஐட்டமா பிரிச்ச பில் மூணையும் சீல் கையெழுத்தோட வாங்குங்க, மொத்தத் தொகை மட்டும் போட்ட பில் உதவாது. பணம் அரசாங்கம் வச்சிருக்குற சி.ஜி.ஹெச்.எஸ். (மத்திய அரசு மருத்துவத் திட்டம்) ரேட்டுக்குத்தான் வரும், மீதி உங்க கைக்காசு, அதையும் தெரிஞ்சுக்கோங்க. நிலைமை கொஞ்சம் தேறினதும் லிஸ்ட்ல இருக்குற ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டா அங்க கேஷ்லெஸ்.

கேள்வி: கார்கில் சண்டையில மைன்ல கால் போச்சு. செயற்கைக் கால் போட்டிருக்கேன், இப்ப சாக்கெட் லூஸாகி உரசி உரசி புண்ணாகுது. புதுசு வெளிய வாங்குற வசதி இல்ல.
*(முன்னாள் படைவீரர், சிவகங்கை மாவட்டம்)*

பதில்: அண்ணே, நீங்க வெளிய வாங்கவே வேண்டியதில்ல. புனேல ராணுவத்தோட ஆர்டிபிஷியல் லிம்ப் சென்டர் 1944ல இருந்து இருக்கு, முன்னாள் படைவீரர்களுக்கும் அங்க கால் செஞ்சு தர்றாங்க. பாலிகிளினிக் டாக்டர்கிட்ட காலைக் காட்டி ரெஃபரல் கேளுங்க. வருஷம் ஆக ஆக மிச்சக் கால் சதை சுருங்கும், அதனாலதான் லூஸ் ஆகுது, துணியைச் சுத்தி இறுக்கிக்கிட்டு நடக்காதீங்க. புண்ணை முதல்ல ஆத்தணும், ஆறாம அளவெடுக்க முடியாது. அதுவும் சுகர் இருந்தா ஒரு நாளும் தள்ளிப்போடாதீங்க.

இன்னொண்ணு, நீங்க கேட்கல, ஆனா உங்க பி.பி.ஓ.வை எடுத்துப் பாருங்க. சண்டையில காயம்னா வார் இஞ்சுரி எலிமெண்ட்னு இருக்கணும், வெறும் டிசபிலிட்டி எலிமெண்ட்னு இருந்தா தப்பு. போர்க் காயத்தோட கணக்கே வேற, சர்வீஸ் முடிச்சு வந்தவங்களுக்கு 100 சதவீதத்துக்கு கடைசி சம்பளத்துல 60 சதவீதம், காயத்தால பாதியிலயே அனுப்பப்பட்டவங்களுக்கு முழு சம்பளம். தப்பா இருந்தா பேட்டில் கேஷுவாலிட்டி, அதாவது சண்டையில காயப்பட்டவர்னு போட்ட பழைய பேப்பரோட ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதி திருத்தின பி.பி.ஓ. கேளுங்க.

கேள்வி: தம்பி அக்னிவீர். டிரெயினிங்ல அடிபட்டா அவனுக்கும் இதே பென்ஷன்தானா?
*(வாசகி, திருநெல்வேலி)*

பதில்: இல்லம்மா, அக்னிவீருக்கு பென்ஷன் கிடையாது. சர்வீஸால வந்த ஊனம்னு போர்டு ஒத்துக்கிட்டா ஒரே தடவை தொகை, 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75க்கு 25 லட்சம், 50க்கு 15 லட்சம். இதுலயும் சர்வீஸால வந்ததுன்னு பதிவாகணும்ங்கிறதுதான் முக்கியம், அதனால அடிபட்ட அன்னிக்கே இஞ்சுரி ரிப்போர்ட் எழுதவெச்சு காப்பி வாங்கி வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க, சின்ன அடிதானேன்னு விட்டுட வேணாம்.