தோல் காய்ப்பு: தோல் மருத்துவரிடம் சில கேள்விகள்

கேள்வி: வீணை பழகத் தொடங்கியபோது இடக்கை விரல் நுனிகளில் கொப்புளம் வந்தது, பிறகு அதே இடம் காய்த்துவிட்டது. ஒரே தந்தி இரண்டையும் செய்வது எப்படி?

பதில்: பழகாத விரலை மணிக்கணக்கில் தந்தியில் உரசினால், மேல்தோலின் அடுக்குகள் வழுக்கிப் பிரிந்து, நடுவே நீர் கோத்துக்கொள்ளும், அது கொப்புளம். அதே உரசல் நாள்தோறும் சிறிது சிறிதாக நேரும்போது, மேல்தோலின் அடியிலுள்ள செல்கள் வழக்கத்தைவிட விரைவாகப் பெருகி, மேலேறும் வழியில் கெரட்டின் என்னும் புரதத்தால் நிரம்பி, உயிரிழந்து, தட்டையான செதில்களாக அடுக்கடுக்காகச் சேர்கின்றன. இயல்பான தோலில் இச்செதில்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும். காய்ப்பில் அவை எளிதில் உதிர்வதில்லை. மேல்தோல் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ 4 வாரங்கள் ஆவதால், நீண்ட விடுமுறைக்குப் பின் வீணையை எடுத்தால் விரல் மீண்டும் வலிக்கத்தான் செய்யும்.

கேள்வி: என் பாதத்தில் இருப்பது காய்ப்பா, ஆணியா, மருவா?

பதில்: காய்ப்பு பரந்திருக்கும், தோல் ரேகைகள் அதன்மேல் தொடர்ந்து ஓடும். ஆணிக்கு நடுவில் உள்நோக்கிய கூம்பு உண்டு. நேராக அமுக்கினால் வலிக்கும். மரு வைரசால் வருவது. ரேகைகள் அங்கே அறுபடும், பக்கவாட்டில் கிள்ளினால் வலிக்கும்.

கேள்வி: பிளேடால் சீவலாமா?

பதில்: கூடாது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மெல்லத் தேய்த்தால் போதும்.

கேள்வி: வெறுங்காலுடன் நடப்பவர்களுக்குப் பாதம் மரத்துவிடும் அல்லவா?

பதில்: இல்லை. கென்யர்களே பெரும்பான்மையாக இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரின் பாதங்களை ஆராய்ந்து 2019இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, காய்ப்பு தடித்திருந்தாலும் உணர்திறன் குறையவில்லை எனக் கண்டது. கடினமான காய்ப்பு தரையின் அதிர்வை உள்ளே கடத்திவிடுகிறது. மெத்தென்ற காலணி அடிப்பகுதிதான் அதை விழுங்குகிறது.

கேள்வி: ஏற்க இயலவில்லை. முள் தைத்தால்கூட என் தாத்தாவுக்குத் தெரியாது.

பதில்: இறந்த அடுக்கோடு முள் நின்றுவிட்டால் யாருக்கும் வலிக்காது, அங்கே நரம்பு இல்லை. ஆழமாகத் தைத்தும் தெரியவில்லையென்றால், காய்ப்பைக் குற்றம் சொல்லாமல் அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பாருங்கள். நரம்பு பழுதான பாதத்தில் காய்ப்பே உள்ளிருக்கும் சதையை அழுத்திப் புண்ணாக்கும். மேலே தோல் மூடியிருப்பதால் வெளியே தெரியாது.

கேள்வி: சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்குக் கால் ஆணி பிளாஸ்டர் ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் சுற்றியுள்ள நல்ல தோலையும் அரித்துவிடும். எரிச்சல் அவருக்குத் தெரியாமலே போகலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: புது பிளேடாக இருந்தால் சீவலாமா?

பதில்: புது பிளேடு இன்னும் ஆழமாக வெட்டும். உரசும் செருப்பை மாற்றுங்கள்.